எனாமல் தட்டில் ஆண்டெனா, மாடக்குழியில் ஆசிலேட்டர்

விஸ்பர் அனுப்ப ஆரம்பித்து இரண்டு வாரம் ஓடிவிட்டது. உலகத்தில் ஒரு ஆளுக்குக்கூட என் சிக்னல் கேட்கவில்லை.

ஹாம் ரேடியோ என்கிற பொழுதுபோக்கு வானொலிப் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்சார் ஆராய்ச்சிக்காக 1993இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர் 2008இல் எழுதிக் கொடுத்த முறைதான் விஸ்பர். வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போய்விடலாம். அதற்கு விலையாக 110 நொடிக்கு ஒரே இடத்தில் நின்று மெல்ல முனக வேண்டும். முனகலின் அகலம் 6 ஹெர்ட்ஸ்தான். 40 மீட்டர் அலைவரிசையில் எல்லோரும் முனகும் சந்து 7.040000இலிருந்து 7.040200 மெகாஹெர்ட்ஸ் வரை, வெறும் 200 ஹெர்ட்ஸ். அந்தச் சந்துக்கு வெளியே நின்று கத்தினாலும் கேட்கும் மென்பொருள் திரும்பிப் பார்க்காது.

நடுவில் கூட்டம் என்று நான் ஓரமாக 7.040170இல் உட்கார்ந்தேன். அப்படித்தான் என் கவுண்டர் சொன்னது. கவுண்டர் என்றால் அலைவெண்ணை எண்ணிக் காட்டும் கருவி. எட்டு இலக்கம் காட்டுகிற, பழைய சாமான் கடையில் வாங்கியது. தேவகோட்டை நண்பர் ஒருவர் கோயில் விசேஷத்துக்கு வந்தபோது அவர் கவுண்டரையும் கொண்டுவரச் சொன்னேன். அதே டிரான்ஸ்மிட்டரில் வைத்தால் 7.040229. வித்தியாசம் 59 ஹெர்ட்ஸ். அவருடையது சரியென்றால் நான் இரண்டு வாரமாகச் சந்துக்கு வெளியே வாய்க்காலில் நின்றிருக்கிறேன். என்னுடையது சரியென்றால் வேறு ஏதோ கோளாறு. இரண்டு டப்பாவும் எட்டு இலக்கத்தைத் தைரியமாகக் காட்டுகின்றன. இலக்கம் காட்டுவது வேறு, அது உண்மையாக இருப்பது வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

59ஐ 7.04ஆல் வகுத்தால் பத்து லட்சத்தில் 8.4 பங்கு. அதாவது 8.4 பிபிஎம்.

நான் குடியிருப்பது கோட்டையூரில், ஒரு பழைய நகரத்தார் வீட்டின் இரண்டாங்கட்டில். வீட்டுக்கார ஆச்சி முன்பக்கம் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. நான் தரையில் ஒயரைப் பரப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “என்ன தம்பி, எவ்வளவு தப்பாக் காட்டுது?” என்று கேட்டார். எளிதாகச் சொல்வோம் என்று, “கடிகாரமா இருந்தா நாளைக்கு முக்கால் நொடி தப்பும் ஆச்சி” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “முகப்புல தொங்குற கடிகாரம் நாளைக்கு அஞ்சு நிமிஷம் பிந்துது. அத ஒரு நாளும் கேக்கலியே நீங்க?”

யார் கவுண்டர் பொய் சொல்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செலவு இல்லை. சீனாவின் பி.பி.எம் (நிலையத்தின் பெயர், மேலே சொன்ன பிபிஎம் அல்ல) நிலையம் ஷான்ஷி மாகாணத்திலிருந்து 10 மெகாஹெர்ட்ஸில் நேர சிக்னல் அனுப்புகிறது. இருட்டியபின் இங்கே டிக், டிக் என்று கேட்கும். கவுண்டருக்குள் இருப்பதும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். மூடியைத் திறந்து ரேடியோவின் ஏரியலை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் இரண்டும் கலந்து, வித்தியாசம் ஒரு உறுமலாகக் காதில் விழும். என் கவுண்டரில் உறுமியது. நண்பருடையதில் மெதுவான ஊஞ்சல் போல ஏறி இறங்கியது மட்டும்தான். தீர்ப்பு ஆகிவிட்டது.

என் கவுண்டரில் கிரிஸ்டலின் அலைவெண்ணைச் சரிசெய்யும் குட்டி ட்ரிம்மரைப் பிளாஸ்டிக் குச்சியால் திருப்பினேன். உறுமல் தாழ்ந்து தாழ்ந்து, கடைசியில் இரண்டு நொடிக்கு ஒரு ஊஞ்சலாக வந்து நின்றது. அரை ஹெர்ட்ஸ். அதற்கு மேல் முடியவில்லை. அயனமண்டலம் சிக்னலை ஏற்றி இறக்குவதும் என் ஊஞ்சலும் ஒன்றோடொன்று கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் போனது. விஸ்பருக்கு அதுவே தாராளம். அந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

மறுநாள் மத்தியானம் அதே கவுண்டர் 15 ஹெர்ட்ஸ் தள்ளி நின்றது. காரணம் வெயில். அதன் கிரிஸ்டலுக்குக் கூடும் கிடையாது, போர்வையும் கிடையாது. கோட்டையூர் மே மாத மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் அது உடம்பிலேயே வாங்கிக்கொள்கிறது. அப்போதுதான் ஆசை முற்றியது. வீட்டில் அசையாத 10 மெகாஹெர்ட்ஸ் ஒன்று வேண்டும்.

அசையாத என்றால் ஓ.சி.எக்ஸ்.ஓ. கிரிஸ்டலை ஒரு குட்டி அடுப்புக்குள் வைத்து எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்கும் ஆசிலேட்டர், அதாவது சீராகத் துடிக்கும் சுற்று. டெலிகாம் கருவிகளில் இருந்து கழற்றியவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். எனக்கு 950 ரூபாய்க்கு ஒன்று வாய்த்தது. தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அளவு, தகரக் கூடு, அஞ்சு கால். 12 வோல்ட் கொடுத்ததும் 400 மில்லியாம்பியர் இழுத்தது. கூடு கைக்குச் சுடத் தொடங்கியபின் 120க்கு இறங்கி நின்றது. ஒரு காலில் 0 முதல் 5 வோல்ட் கொடுத்தால் அலைவெண் கொஞ்சம் நகரும். அந்த வோல்டேஜ்தான் திருகாணி.

ஆனால் அசையாமல் இருப்பதும் சரியாக இருப்பதும் ஒன்றல்லவே. ஏதாவது ஒன்றோடு ஒப்பிட வேண்டும். கேலிப்ரேஷன் லேபில் கேட்கும் தொகைக்கு இப்படி இன்னும் நாலு ஆசிலேட்டர் வாங்கலாம். இலவசமாகக் கிடைப்பது ஜி.பி.எஸ். ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம். தரையிலிருந்து அவற்றைக் கண்காணித்து ஓயாமல் திருத்துகிறார்கள். 400 ரூபாய் நியோ-6எம் மாட்யூல் அதையெல்லாம் கேட்டு, நொடிக்கு ஒரு பல்ஸ் தருகிறது. அந்தப் பல்ஸ் 30 நானோநொடி அளவுக்குத் துல்லியம். ஆக வேலை இதுதான்: ஒரு பல்ஸுக்கும் அடுத்த பல்ஸுக்கும் நடுவில் என் ஆசிலேட்டர் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ண வேண்டும். சரியாக ஒரு கோடி வர வேண்டும்.

எண்ணுவதற்கு ஆர்டுயினோவில் இருக்கும் அதே ஏடிமெகா328பி சில்லை எடுத்தேன். வழக்கமான வழி, சில்லை 16 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டு வெளி சிக்னலை ஒரு காலில் எண்ணுவது. அது சரிவராது. தன் கடிகாரத்தில் இரண்டரையில் ஒரு பங்குக்கு மேல் அதனால் எண்ண முடியாது, 6.4 மெகாஹெர்ட்ஸோடு மூச்சு வாங்கிவிடும். அதனால் ஆசிலேட்டரையே சில்லின் கடிகாரமாக்கிவிட்டேன். சில்லின் டைமர் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். ஜி.பி.எஸ் பல்ஸ் 14ஆம் காலில் வந்து தட்டும்போது, அந்த நொடியில் டைமர் எங்கே நின்றதோ அந்த எண்ணை வன்பொருளே பிடித்து வைக்கும். நிரல் தாமதமாக வந்து படித்தாலும் எண் மாறாது.

டைமர் 16 பிட். 65,536 ஆனதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒரு கோடியில் 65,536 எனும் சுற்று 152 முறை போக மிச்சம் 38,528. ஆக, அடுத்தடுத்து பிடித்த இரண்டு எண்களின் வித்தியாசம் 38,528 என்றால் ஆசிலேட்டர் சரி. 38,527 என்றால் ஒரு ஹெர்ட்ஸ் குறைவு. இவ்வளவுதான் கணக்கு. எத்தனை சுற்று போனது என்று தனியாக எண்ண வேண்டியதே இல்லை, ஆசிலேட்டர் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் தப்பப் போவதில்லை.

பலகை முழுவதையும் 3.3 வோல்ட்டில் வைத்தேன். இந்தச் சில் 2.7 வோல்ட்டிலேயே 10 மெகாஹெர்ட்ஸ் தாங்கும். ஜி.பி.எஸ் பல்ஸும் 3.3 வோல்ட்தான், நடுவில் மாற்றுச் சுற்று எதுவும் வேண்டாம்.

முதல் இடறல் இங்கேதான். சில்லுக்கு வெளியிலிருந்து கடிகாரம் வரும் என்று, அதன் அடிப்படை அமைப்பை வைத்திருக்கும் ஃபியூஸ் பிட்டை மாற்றினேன். லோ ஃபியூஸ் ஹெக்ஸில் ஈ0. மாற்றி, பலகையில் சொருகி, ஆசிலேட்டரை 9ஆம் காலில் இணைத்தால் சில் பிணம் போலக் கிடந்தது. சில்லுக்குள் நிரல் ஏற்றும் கருவியான புரோகிராமரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் என் ஓ.சி.எக்ஸ்.ஓ தருவது சதுர அலையே இல்லை, ஒரு வோல்ட்கூட எட்டாத வழவழப்பான சைன் அலை. சில்லுக்கு அது துடிப்பாகவே படவில்லை. துடிப்பில்லாத சில்லிடம் புரோகிராமரும் பேச முடியாது. குற்றவாளிக் கூண்டில் நின்ற அதே டிரான்ஸ்மிட்டரில் அலைவெண்ணை உருவாக்கும் எஸ்.ஐ.5351 மாட்யூலிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை எடுத்து 9ஆம் காலில் கொடுத்தேன். உடனே கண் விழித்தது. பிறகு 74எச்.சி.யு.04 என்ற இன்வெர்ட்டர் சில் ஒன்றில், ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரை உள்ளுக்கும் வெளிக்கும் குறுக்கே போட்டு, சைன் அலையைக் கெபாசிட்டர் வழியாக விட்டேன். சதுரமாக வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஒரு சாயங்காலம் போனது இதில். கணினித் திரையில் எல்லாம் கிறுக்கலாக வந்தது. நிரல் 16 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு 9600 வேகத்தில் அனுப்புகிறது. சில் ஓடுவதோ பத்தில். உண்மையில் போனது 6000. நிரலில் அந்த ஒரு எண்ணை மாற்றினேன், தீர்ந்தது.

என்னிடம் இருந்த நியோ-6எம் பலகையில் பல்ஸுக்குத் தனிக் கால் இல்லை. மாட்யூலின் 3ஆம் முனையில் வந்து, ஒரு ரெசிஸ்டர் வழியாக எல்.ஈ.டியை மினுக்க வைப்பதோடு சரி. அந்த ரெசிஸ்டர் கடுகைவிடச் சற்றுப் பெரியது. ஸ்பீக்கர் காயிலில் இருந்து உருவிய மயிரிழைக் கம்பியின் எனாமலைச் சுரண்டி, நுனியில் ஈயம் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்யூல் பக்கத்து முனையில் ஒற்றினேன். முதல் முறை ரெசிஸ்டரே சால்டரிங் முனையோடு வந்துவிட்டது. இரண்டாம் முறை பிடித்தது. பிடித்ததும் கம்பியைப் பலகையோடு பசை போட்டு ஒட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு இழுப்பில் செப்புத் தடமே உரிந்துவிடும்.

ஆண்டெனாவுக்கு வளவு முற்றம். நாலு பக்கமும் பத்தி, நடுவில் சதுரமாக வானம். காந்த அடி வைத்த சின்ன ஆண்டெனாவை ஆத்தங்குடிக் கல்லில் வைத்தால் நாலு செயற்கைக்கோளுக்கு மேல் தெரியவில்லை. இந்த வகை ஆண்டெனாவுக்கு அடியில் ஒரு உலோகத் தளம் இருந்தால் நன்றாகக் கேட்கும். எவர்சில்வர் தட்டு கொண்டுவந்தேன், காந்தம் ஒட்டாமல் வழுக்கியது. பத்தியில் அடுக்கியிருந்த எனாமல் சாமான்கள் கண்ணில் பட்டன. எனாமல் என்றால் இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சு. காந்தம் கவ்விக்கொள்ளும்.

“அது எனக்குக் கலியாணத்துக்கு வச்ச சாமான் தம்பி” என்றார் ஆச்சி. பிறகு அவரே அடுக்கின் அடியில் இருந்து விளிம்பு பெயர்ந்த ஒரு வெள்ளைத் தட்டை, நீலக் கரை போட்டது, உருவித் தந்தார். “இத வச்சுக்கங்க. ஆனா வத்தல் போடுற அன்னிக்கு முத்தம் எனக்கு வேணும்.”

தட்டில் வைத்ததும் ஆறு, ஏழு என்று தெரிய ஆரம்பித்தது. மாட்யூலின் அமைப்பில் நகராத பொருள் என்று ஒரு தேர்வு உண்டு, அதையும் போட்டேன். காரில் போகிற ஜி.பி.எஸ்ஸுக்கும் தட்டில் உட்கார்ந்திருக்கிற ஜி.பி.எஸ்ஸுக்கும் கணக்கு வேறு.

முதல் எண்கள் வந்தன. பத்தில் ஆறு முறை 38,527. நாலு முறை 38,526. ஒவ்வொரு நொடியையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் தெரியாது. கூட்டிக்கொண்டே போனால்தான் விஷயம் வெளியே வரும். 100 நொடிக்கு நூறு கோடி வர வேண்டிய இடத்தில் 99,99,99,862. 138 குறைவு. ஆக நொடிக்கு 1.38 ஹெர்ட்ஸ் கம்மி. 950 ரூபாய் ஆசிலேட்டர், கழற்றிப் போட்டதிலேயே 0.14 பிபிஎம் அளவில்தான் தப்பியிருக்கிறது.

திருகாணி வோல்டேஜ் 2.10 இருந்தது. 2.45க்கு ஏற்றியதும் குறை போய்விட்டது. அங்கே ஒரு சங்கடம். ஒரு மில்லிவோல்ட் நகர்ந்தால் 0.004 ஹெர்ட்ஸ் நகர்கிறது. திருப்பி வோல்டேஜை மாற்றும் பத்துச் சுற்று ட்ரிம்பாட்டை 5 வோல்ட்டுக்குக் குறுக்கே போட்டால் ஒரு சுற்றுக்கு அரை வோல்ட், கை நடுங்கினாலே எல்லை தாண்டும். அதனால் மேலே 8.2 கே, கீழே 7.5 கே மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களைப் போட்டு, நடுவில் 1 கே ட்ரிம்பாட் மட்டும். இப்போது மொத்த ஆட்டமும் 2.25க்கும் 2.55க்கும் நடுவில். திருப்புவது கைக்குள் வந்தது.

100 நொடி எண்ணினால் நூறு கோடியில் ஒரு பங்கு தெரியும். 1000 நொடி எண்ணினால் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. காசு கொடுக்காமல் இலக்கம் வாங்கும் ஒரே கடை இதுதான்: பொறுமையாக உட்கார வேண்டும், திருப்பிய பிறகு 17 நிமிடம் தொடக் கூடாது. நான் முதல் இரண்டு நாள் தொட்டுத் தொட்டுக் கெடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை எண்ணிக்கை திடீரென்று பைத்தியம் பிடித்தாற்போல ஆனது. 12,000, 51,000, 306 என்று வாய்க்கு வந்ததெல்லாம். அரை மணி நேரத்தில் தானாகத் தெளிந்தது. மறுநாளும் அதே நேரம். இரண்டு நாள் மாட்யூலைச் சந்தேகப்பட்டேன். மூன்றாவது முறை காது கொடுத்துக் கேட்டபோதுதான் அடுப்படியில் கிரைண்டர் ஓடும் சத்தம் விழுந்தது. இட்லிக்கு மாவு. மோட்டாரின் பொறி என் நீளமான பல்ஸ் ஒயரில் ஏறி, பொய்ப் பல்ஸ் தட்டியிருக்கிறது. உறையிட்ட கேபிள், தொடக்கத்தில் 100 ஓம் ரெசிஸ்டர், சில்லின் உள்ளேயே இருக்கும் இரைச்சல் வடிகட்டி பிட் ஆகிய மூன்றையும் போட்டேன். அந்த வடிகட்டி ஒவ்வொரு பல்ஸையும் நாலு துடிப்பு தாமதிக்கும். எல்லாப் பல்ஸையும் ஒரே அளவு தாமதிப்பதால் வித்தியாசத்தில் அது தெரியாது. இட்லிக்கும் இடைஞ்சல் இல்லை.

கரண்ட் போனால் அடுப்பு ஆறிவிடும். ஆறிச் சூடேறிய ஓ.சி.எக்ஸ்.ஓ பழைய இடத்துக்கே திரும்பி வராது, பழையபடி அடங்க ஒரு நாளைக்கு மேல் எடுக்கும். பழைய யு.பி.எஸ் பேட்டரி ஒன்றை, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி, சார்ஜரோடு நிரந்தரமாக இணைத்துவிட்டேன்.

அடுத்து வெயில். பத்தியில் வைத்திருந்தவரை 1000 நொடிச் சராசரி காலையில் 0.004 ஹெர்ட்ஸ் கீழேயும் மத்தியானம் 0.006 மேலேயும் போய் வந்தது. அடுப்புக்குள் இருக்கும் கிரிஸ்டலைக் குறை சொல்ல முடியாது. வெளியே வெயில் வாங்கிக்கொண்டிருந்த 5 வோல்ட் ரெகுலேட்டரும் ரெசிஸ்டர்களும்தான் காரணம். அவற்றில் ஒரு மில்லிவோல்ட் நகர்ந்தாலே என் கணக்கில் தெரிந்துவிடுகிறதே. தெர்மோகோல் பெட்டி செய்யலாமா என்று யோசித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். முதுகு ஜில்லென்றது.

இரண்டடிக் கனச் சுவர். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. வெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் ராத்திரி ஆகிவிடும். இரண்டாங்கட்டு நடைச் சுவரில் விளக்கு வைக்கிற மாடக்குழி ஒன்று பல வருடமாக வெறுமனே இருந்தது. ஆச்சியிடம் கேட்டுவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஆசிலேட்டரும் ரெகுலேட்டரும் ட்ரிம்பாட்டும் இருக்கும் பலகையை அங்கே வைத்து, முன்னால் ஒரு மரப் பலகையால் மூடினேன். ஒயர் போக மட்டும் இடம். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தால், 1000 நொடிச் சராசரி மேலேயும் கீழேயும் 0.001 ஹெர்ட்ஸுக்குள். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. கடிகாரமாக இருந்தால், இதே போக்கில் போனால், ஒரு நொடி தப்ப 317 வருடம் ஆகும். முகப்புக் கடிகாரத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

செயற்கைக்கோள் எண்ணிக்கையையும் கூடவே பதிவு செய்தது உதவியது. முற்றத்தில் வானம் குறுகல், சில வேளை நாலாகக் குறையும். அப்போது பல்ஸ் 200 நானோநொடி வரைகூடத் தாவியது. அஞ்சுக்குக் கீழே இறங்கிய 1000 நொடிகளை அப்படியே கழித்துவிட்டேன்.

அந்த ராத்திரிகளில் முற்றத்தில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தபோது ஒன்று நினைவுக்கு வரும். ஜி.பி.எஸ் கடிகாரங்களின் அடிப்படை 10.23 மெகாஹெர்ட்ஸ். ஆனால் ஏவுவதற்கு முன் 10.22999999543 என்று வேண்டுமென்றே குறைத்து வைத்து அனுப்புகிறார்கள். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு குறைவு, அதனால் அங்கே கடிகாரம் வேகமாக ஓடும். செயற்கைக்கோளின் வேகம் அதைக் கொஞ்சம் பின்னிழுக்கும். இரண்டும் கழித்து நாளைக்கு 38 மைக்ரோநொடி முந்தும். அந்தக் குறைப்பு என் தட்டு ஆண்டெனாக் கணக்கு எட்டும் எல்லையைவிட நாலு மடங்குக்கு மேல் பெரியது. ஐன்ஸ்டீனைக் கேட்காமல் இந்த மாடக்குழிப் பெட்டியைக்கூடச் சரி செய்ய முடியாது.

கவுண்டருக்கு வருவோம். ஓ.சி.எக்ஸ்.ஓவை அதில் வைத்தால் 9.999985. ட்ரிம்மரைத் திருப்பலாம், நாளைக்கு வெயில் மறுபடி கலைக்கும். கிரிஸ்டலையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாடக்குழியில் இருந்து வரும் 10 மெகாஹெர்ட்ஸை ஒரு 100 பிகோஃபாரட் வழியாகக் கொடுத்தேன். பின்பக்கம் துளையிட்டு ஒரு பி.என்.சி சாக்கெட். இப்போது கவுண்டருக்குச் சொந்த அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

மொத்தச் செலவு 1900 ரூபாய், பேட்டரி சேர்க்காமல். விஸ்பர் மட்டும்தான் உங்கள் தேவை என்றால் இதில் பாதிகூட வேண்டாம். எஸ்.ஐ.5351இலிருந்து 2.5 மெகாஹெர்ட்ஸை எடுத்து சாதாரண ஆர்டுயினோவின் 5ஆம் பின்னில் கொடுத்து, ஜி.பி.எஸ் பல்ஸுக்கு நடுவில் எண்ணினாலே அதன் கிரிஸ்டல் எவ்வளவு தப்பு என்று தெரிந்துவிடும். ஓ.சி.எக்ஸ்.ஓ என் கிறுக்கு.

டிரான்ஸ்மிட்டரைப் புதிய கவுண்டரில் வைத்து 7.040110க்குக் கொண்டுவந்தேன். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து முதல் அனுப்பு. யார் யாரைக் கேட்டார்கள் என்று இணையத்தில் வரும் பட்டியலில், அடுத்த பத்து நிமிடத்தில் மூன்று பேர் என்னைக் கேட்டிருந்தார்கள். அதில் ஒருவர் ஜப்பான். அவர் கணினி பதிவு செய்த அலைவெண் 7.040111. ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம். என் பக்கத்துத் தப்பு இல்லை அது, எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை தட்டு காலியாக முற்றத்து ஓரத்தில் சாய்ந்திருந்தது. ஆண்டெனா பத்தித் தூணின் அடியில் ஒயரோடு சுருண்டு கிடந்தது. முற்றம் முழுக்க வெள்ளை வேட்டி விரித்து கூழ் வத்தல்.

“சாயங்காலம் எடுத்துருவேன் தம்பி” என்றார் ஆச்சி. சரி என்று பதிவேட்டில் ஒரு நாளை வெறுமனே விட்டேன்.